தம்பி ஒப்புக்கொண்ட வழக்கு

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். சனி, ராகு, கேது பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் என் தம்பியின் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று அந்த வருஷம் நான் சொல்லாத நாளில்லை. கோயிலுக்குப் போகும்போதும் சொன்னேன், திரும்பி வரும்போதும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ‘உண்மையே பேசு’ என்று எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ‘உன்னை யாருடா உண்மை பேசச் சொன்னது?’ என்று தம்பியைப் பார்த்துக் கத்திய டீச்சர் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இருந்தது ஒரே தம்பி.

அவன் குவைத்தில் லாரி ஓட்டினான். அங்கே சண்டை முடிந்து மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியிருந்த காலம். இங்கே ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவுக்கு நாலு பேர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு சிங்கப்பூர், துபாய், குவைத் என்று ஏறிப் போனார்கள். தம்பியும் போனான். பணம் அனுப்பினான், வீடு எழும்பியது. கீழ்த்தளம் முடிந்து மாடிப்படியும் கட்டியாயிற்று. மாடிதான் இன்னும் வரவில்லை. ‘படி மட்டும் வானத்துக்குப் போகுது, வேதத்துல யாக்கோபு கனவுல கண்ட ஏணி மாதிரி’ என்று அவன் மனைவியிடம் கேலி பேசுவேன். அவள் அதிகம் பேசாதவள். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அந்த முறை லீவில் வந்தவன் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினான். திரும்பிப் போகும்போது யாரிடமாவது வாடகை ஓட்டக் கொடுத்துவிட்டுப் போவதாகத் திட்டம். குவைத்தில் குடி கிடையாது, அரசாங்கமே தடை. அங்கே வருஷக்கணக்கில் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்கு வந்தால் மட்டும் மச்சான்மாரோடு உட்காருவான். குடிகாரன் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மறுநாளிலிருந்து தவக்காலம். ஈஸ்டர்வரை கறி கிடையாது, குடிக்கிறவர்களுக்குக் குடியும் கிடையாது. அதனால் அந்த நாற்பது நாளைக்கும் சேர்த்து முந்தின நாளே தின்றுவிடுவது போல ஒரு விருந்து நடக்கும். ஆண்டவர் இதற்காகவா நோன்பு வைத்தார் என்று வருஷாவருஷம் கேட்பேன். கேட்டுக்கொண்டே எலும்பைக் கடிப்பேன். அந்த வருஷ விருந்து தம்பியின் மாமியார் வீட்டில். நாளையிலிருந்து தொடக்கூடாது என்பதற்காகவே அவன் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டிருக்கிறான். நோன்பை மதித்துக் குடித்தவன் என்று எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரைச் சொல்ல முடியும்!

மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எனக்கென்று மாமியார் தூக்குச்சட்டியில் கொடுத்த ஆட்டுக்கறியோடு சாயங்காலம் இவன் மட்டும் காரில் கிளம்பினான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். மூடினால் லேசில் திறக்காது. கேட்டில் நின்றே கிழவர்களானவர்கள் உண்டு. அன்றும் மூடியிருந்தது. கறி ஆறிவிடுமே என்று இவன் வாய்க்கால் கரை ரோட்டில் வண்டியைத் திருப்பியிருக்கிறான்.

அது மாசி மாதம், தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடுதான் களம். பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாதபடி ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்துவிட்டுக் காலால் துழாவிக்கொண்டிருப்பார்கள். பஸ்காரர் திட்டுவார், இவர்களும் திருப்பித் திட்டுவார்கள், அதற்குள் நெல் காய்ந்துவிடும். தப்புதான், ஆனால் ஊரே செய்கிற தப்பு.

அந்த வளைவில் ஒரு பெரியவர் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சொந்தம், கொஞ்சம் குத்தகை என்று உழுது சாப்பிடுகிறவர். திரும்பிய கார் கல்லில் ஏறி, நெல்லில் சறுக்கி, அவரை அடித்துத் தள்ளிவிட்டு ஓரத்தில் இறங்கி நின்றது. பெரியவருக்கு இடது தொடை எலும்பு முறிந்தது, அந்தக் கால் பிறகு பழையபடி ஆகவே இல்லை.

இப்படி நடந்தால் ஓட்டியவன் ஓடிவிடுவதும், மறுநாள் வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வருவதும்தான் உலக வழக்கம். ஊர்க்காரர் கையில் சிக்கினால் எலும்பு மிஞ்சாது. தம்பி ஓடவில்லை. பின்னால் வந்த வேனை மறித்து, பெரியவரை ஏற்றி, உடைந்த காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். செய்தி கேட்டு நான் ஓடினேன். இவன் சட்டையெல்லாம் ரத்தமும் நெல்லுமாக நின்றான். டியூட்டி டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“வண்டி ஓட்டினது யாரு?”

“நான்தான் சார்.”

“குடிச்சிருக்கியா?”

“ஆமா சார். மச்சான் வீட்டுல விருந்து. நாளைக்கு சாம்பல் புதன்.”

மாதாவே! கேட்டதற்கு மட்டுமா பதில் சொன்னான்? கேட்காத சாம்பல் புதனையும் சேர்த்துச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஏட்டு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அத்தனை பேர் முன்னால், நாற்பதை எட்டப்போகிறவன் முதுகில்.

வக்கீல் ஒரு பழைய மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நிலமெல்லாம் போய், சட்டம் மட்டும் மிஞ்சியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஜாமீன் எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

“டீச்சர், பயப்படாதீங்க. போலீஸ்கிட்ட ஒப்புக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. டாக்டர்கிட்ட சொன்னது செல்லும். ஆனா அன்னைக்கு ரத்தம் எடுக்கல. ஊதச் சொல்ற மெஷின் நம்ம ஊருக்கு இன்னும் வரல. ‘வாடை அடிக்கிறது, குடித்ததாகச் சொல்கிறார்’னுதான் எழுதியிருக்காரு. வாடை அடிச்சா போதைன்னு ஆயிடாது. இனிமே உங்க தம்பி வாயத் தொறக்காம இருந்தா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்.”

“தொறந்தா?”

“தொறந்தா ஜெயிலு. லைசன்ஸ் போயிடும். தானா ஒப்புக்கிட்டா அப்பீலுக்கும் பெருசா வழி இருக்காது. அதுக்கு மேல, கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் பெரியவருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டு, ‘குடிச்சிட்டு ஓட்டினவன்தானே, நீயே கட்டு’ன்னு உங்க தம்பி கழுத்துல கத்திய வைப்பான்.”

இது மட்டும் இல்லை. ஜாமீனுக்குப் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைத்திருந்தோம். குவைத்தை விட்டு வந்தவன் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். அதற்குள் வழக்கு முடிய வேண்டும், அவன் விடுதலையாக வேண்டும், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கு அப்போது ஜெபமும் இதுதான், கனவும் இதுதான்: தம்பி வாயை மூடிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

தவக்காலம் பாதி போயிருக்கும். அவன் எங்கள் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான், திரைக்குப் பின்னாலிருந்து செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அங்கே சொன்னது அங்கேயே செத்துவிடும். எந்த வக்கீலும் எந்த ஏட்டும் அந்தத் திரைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. போய்ச் சமாதானமாகிக்கொள் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. சமாதானம் என்றால் பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘உடம்பப் பாத்துக்குங்க’ என்று சொல்லி வருவது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இந்த மகாராசன் வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் நேரே பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் கயிற்றுக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தவரின் காலடியில் மண்டிபோட்டு, தெருவே கேட்க, “நான் குடிச்சிட்டு ஓட்டினேன்யா, என்ன மன்னிச்சிடுங்க” என்று கதறியிருக்கிறான். நின்று கேட்டவர்களில் கிராம நிர்வாக அதிகாரியும் ஒருவர்.

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். “டீச்சர், போலீஸ்கிட்ட சொன்னாதான் செல்லாது. ஊரார்கிட்ட சொன்னா செல்லும். வி.ஏ.ஓ.கிட்ட சொன்னா ரொம்ப நல்லா செல்லும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒரு நுணல் வளர்ந்திருக்கிறது. “பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில்ல இடமில்லன்னு ரோட்டுல பண்ணினியாடா?” என்று கேட்டேன். பேச வேண்டாத இடத்தில் எல்லாம் பேசுவான், என்னிடம் மட்டும் பேச மாட்டான்.

மறுநாளே நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கெஞ்சத்தான் போனேன், மறைப்பானேன். போகிற வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அதற்கு வேலையே வரவில்லை.

“டீச்சர், ஒக்காருங்க மொதல்ல,” என்றார் பெரியவர். “யாரும் சாட்சி சொல்ல மாட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன். பொழைக்கப் போற புள்ள. நம்மால ஒருத்தன் பொழப்பு கெட்டுதுன்னு இருக்கக் கூடாது. ரோட்டுல கல்ல வச்சவன் நானு. கார் சத்தம் கேட்டும் ஒதுங்காம நின்னவன் நானு. அதத்தான் கோர்ட்டுல சொல்லுவேன்.”

“அப்படிச் சொன்னா உங்களுக்கு வர வேண்டிய நஷ்டஈடு கொறஞ்சுபோகும்னு வக்கீல் சொல்றாரே, ஐயா.”

“கொறஞ்சா கொறையட்டும். காலு திரும்பியா வரப்போவுது?”

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. ‘இந்த மனுஷன் இப்படித்தான்’ என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வழியில் வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். “அன்னைக்கு நல்ல காத்து டீச்சர். எனக்கு ஒண்ணுமே காதுல விழல,” என்றார். மாசிப் பனியில் ஏது காற்று? நான் அந்தத் தெருவிலேயே நின்று அழுதுவிட்டேன். நமக்கு உறவா, சாதியா, வேதமா, ஒன்றும் கிடையாது. இடித்தவன் நம் பையன், இடிபட்டவர் அவர்கள் ஆள். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

ஆக, தம்பியைக் கெடுக்கக்கூடிய வாய் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவனுடையது.

வக்கீல் விசாவைக் காட்டி மனுப்போட்டு விசாரணையைச் சீக்கிரம் கொண்டுவந்தார். அதற்கே பல வாய்தா ஆயிற்று. விசா சாகிற கடைசி மாதத்தில் நாள் குறித்தார்கள். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போலத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன். “மாஜிஸ்ட்ரேட் கேப்பாங்க. நீ என்ன சொல்லணும்?” “இல்ல.” “தலைய ஆட்டாதே, வாயால சொல்லு.” “இல்ல அக்கா.” “அங்க அக்கான்னு சொல்லித் தொலையாதே!” அவன் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணை அன்று நாங்கள் மூன்று பேரும் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். முதலில் டாக்டர். மாற்றலாகிப் போனவர், வேலை நாளில் வரவழைத்துவிட்டார்களே என்ற கடுப்பில் இருந்தார். வாடை அடித்தது உண்மை, எவ்வளவு குடித்திருந்தார் என்று சொல்ல இயலாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் வக்கீல் திரும்பி எனக்கு ஒரு புன்னகையை அனுப்பினார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு பெரியவர். கக்கத்தில் கட்டை ஊன்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தப்பு தன் மேல்தான், கல் தன்னுடையது, வண்டி மெதுவாகத்தான் வந்தது என்று சொன்னார். அரசுத் தரப்பு வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பக்கத்துச் சாட்சியே கவிழ்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

“போலீஸ்ல வேற மாதிரி சொன்னீரே?”

“வலியில என்ன சொன்னேன்னு நெனப்பு இல்லீங்கய்யா.”

“பொது ரோட்டுல கல்ல வைக்கிறது குத்தம், தெரியுமா? ஒம்ம மேலயே கேஸ் போடலாம்.”

“போடுங்கய்யா.”

“எவ்வளவு வாங்கினீர்?”

பெரியவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கும்பிட்டார், கும்பிட்ட கை இறங்கவில்லை. “காசு வாங்கலீங்கய்யா. சத்தியமா வாங்கல. என் குலசாமி மேல ஆணை.” அரசுத் தரப்பு வக்கீல் விடவில்லை. கால் போனவன் பொய் சொல்கிறான் என்றால் கைக்கு ஏதோ வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். பெரியவரின் கட்டை நழுவியது, அவரே பிடித்துக்கொண்டார். எங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொன்னார். அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று.

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் முகம். அதில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘ஏசுவே, இவன் வாயைக் கட்டு’ என்று முணுமுணுத்தேன்.

சாட்சி முடிந்ததும் மாஜிஸ்ட்ரேட் தம்பியிடம் கேட்டார். “சாட்சிங்க சொன்னதெல்லாம் கேட்டீங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

என் உதடு தானாக ‘இல்ல’ என்று அசைந்தது.

“அம்மா, அவரு காசு வாங்கல. எனக்காகத்தான் பொய் சொல்றாரு. நான் குடிச்சிருந்தேன். கல்லு எப்பவும் அங்க இருக்கிறதுதான். குடிக்காம இருந்திருந்தா அந்த வளைவுல நான் வண்டிய நிறுத்தியிருப்பேன். நான் லாரி ஓட்டுறவன், எனக்குத் தெரியும். அவரத் திட்டாதீங்க.”

எங்கள் வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வைத்தார். “இதுக்கு என்ன பின்விளைவுன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? நான் இப்ப எதுவும் எழுதல. மதியம்வரைக்கும் டைம் தர்றேன். வெளியில போங்க, வக்கீல்கிட்ட பேசுங்க, நல்லா யோசிச்சிட்டு வந்து சொல்லுங்க.” அந்தம்மா நல்லா இருக்க வேண்டும். இரக்கப்பட்டு ஒரு கதவைத் திறந்து வைத்தார்.

கோர்ட் வளாகத்தில் ஒரு புங்க மரம். அதன் அடியில் நின்று வக்கீல் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். ஜெயில், லைசன்ஸ், இன்சூரன்ஸ்காரன், விசா. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பதட்டத்துல ஒளறிட்டேன்னு சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.” நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன், சொல்லக் கூடாததையும் சொன்னேன். “ஒனக்குப் பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பா? ஒன் புள்ளைங்க வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டு நீ மோட்சத்துக்குப் போவியா?” அவன் மனைவி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, இலையில் எலுமிச்சம்பழச் சாதத்தை வைத்து எங்கள் கையில் கொடுத்தாள்.

அதற்குள் பெரியவரும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குத்தான் என்னைவிட அதிகக் கோபம். “ஏந்தம்பி, நான்தான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்ல? நீ ஏன் குறுக்க வர்றே? அவரு ரெண்டு வார்த்த சொன்னா எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? பண்ணையில கேக்காத பேச்சா?”

தம்பி இலையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றான். “உங்க காலு என்னால போச்சுய்யா. அத நான் கேட்டு வாங்கல, நடந்துபோச்சு. உங்க மானத்தயும் குடுங்கன்னு எப்படிய்யா கேக்கறது? விடுதலையாகி ஏரோபிளேன்ல ஏறிட்டா எனக்குக் கோர்ட்டுல சிரிச்ச அந்தச் சிரிப்புதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும்.”

“அப்ப நாங்க?” என்று கேட்டேன்.

“அக்கா, நீ இருக்கேல்ல,” என்றான்.

நான் என்ன செய்வேன்! அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? அவன் மனைவி பெரியவருக்கும் ஓர் இலை கொடுத்தாள். அவர் மரத்தில் சாய்ந்து நின்று, அழுதுகொண்டே சாப்பிட்டார்.

மதியம் மாஜிஸ்ட்ரேட் மறுபடி கேட்டார். தம்பி மறுபடி அதையே சொன்னான். மூன்று மாதம் ஜெயில், அபராதம், லைசன்ஸ் ரத்து. கூடுதலாகவே கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, தானாக உண்மையைச் சொன்னதால் குறைத்திருக்கிறேன் என்று மாஜிஸ்ட்ரேட் சொன்னார். திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவன் திரும்பி மனைவியிடம், “பெரிய புள்ளைக்குக் காது வலின்னு சொன்னியே, டாக்டர்கிட்ட காட்டிடு” என்றான். உள்ளே இருந்தபோதே விசா முடிந்தது.

வக்கீல் சொன்னபடியே மற்றதும் நடந்தது. நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி, கல் வைத்தது பெரியவர் தப்பு என்று பேசிப் பார்த்தது. தம்பியின் வாக்குமூலத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. பெரியவருக்கு முழுசாகக் கிடைத்தது. கம்பெனி அதைக் கட்டிவிட்டுத் தம்பியிடம் வசூலுக்கு வந்தது. கார் போயிற்று. மாடிப்படியோடு நின்ற வீட்டையும் விற்றோம். வாங்கியவர் மாடி கட்டிக்கொண்டார்.

ஜெயிலிலிருந்து வந்தவனை எந்த ஏஜென்ட்டும் சீண்டவில்லை. குவைத்துக்கு மறுபடி போக வேண்டும் என்றால் போலீஸ் நற்சான்று வேண்டும். அது எங்கிருந்து கிடைக்கும்? அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான். ஊரில் அவனுக்கு நல்ல பேர். சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொன்னார். எல்லாரும் திரும்பி இவனைப் பார்த்தார்கள். பெரியவர் அறுவடைக்கு அறுவடை புது நெல் கொடுத்தனுப்பினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். திட்டுவதை நிறுத்தினால் பெருமைப்படுகிறேன் என்று தெரிந்துவிடுமே என்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

பேரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா? ஒரு நாள் அவன் மனைவி வந்து, “அண்ணி, நான் குவைத்துக்குப் போறேன். வீட்டு வேலைக்கு. ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன்” என்றாள். நான் திடுக்கிட்டுப் போனேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் வேறு வழி இல்லை, என்னிடமும் இல்லை.

திருச்சி விமான நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் வழியனுப்பினோம். பிள்ளைகளை அழைத்து வரவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். தம்பி டீ வாங்கப் போன நேரத்தில் நான் அவளிடம் கேட்டேன்.

“அவன் மேல உனக்குக் கோவம் இல்லையாம்மா?”

“இருக்கு அண்ணி.”

இவ்வளவு சட்டென்று பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

“குடிச்சதுக்காகவா?”

“அதுக்கில்ல.”

“கோர்ட்டுல சொன்னதுக்கா?”

“அன்னைக்கு மரத்தடியில நீங்க பேசுனீங்க, வக்கீல் பேசுனாரு, அந்தப் பெரியவரும் பேசுனாரு. இவரும் பேசுனாரு. எல்லாரும் எனக்காகவும் என் புள்ளைங்களுக்காகவும்தான் பேசுனீங்க. நான் அங்கதானே நின்னேன்? நீ என்ன சொல்றேன்னு யாருமே கேக்கலையே.”

“கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?”

“உண்மையச் சொல்லுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றாள். “நான் வேற என்னத்தச் சொல்லப்போறேன்? ஆனா கேட்டிருக்கணும்ல, அண்ணி? போறது நானுல்ல?”

தம்பி டீயோடு வந்தான். அவள் வாங்கிக் குடித்தாள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துவிட்டு, வாசலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு நீண்ட வரிசை. எல்லாம் நம் பக்கத்துப் பெண்கள்தான். அவள் கடைசியில் போய் நின்றாள்.

“என்னக்கா சொல்லிட்டிருந்தா?” என்று கேட்டான் தம்பி.

“என்ன ஏன்டா கேக்கறே,” என்றேன். “அவகிட்ட கேளுடா. இப்பவாவது போய்க் கேளு.”

அவன் கண்ணாடிக் கதவுவரை ஓடினான். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று காவலுக்கு நின்றவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.